இரவல் பட்டறை

லாசரஸ் சாருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. ஊர் என்றால் தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் முளைத்திருக்கிற கல்லூரிகள். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் லாசரஸைக் கூப்பிடு என்பார்கள். முந்தின நாள்வரை காற்று வாங்கிக்கொண்டிருந்த லேப், அதிகாரி காரை விட்டு இறங்கும்போது நிரம்பி வழியும். நூலகத்துக்குப் புத்தகம், லேபுக்குக் கருவி, வகுப்பில் உட்கார்ந்து தலையாட்ட டாக்டர் பட்டம் வாங்கிய முகங்கள், எல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு வேனில் போய்வரும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு சோபாவைத் தூக்கிவந்து போடுவதில்லையா, அது மாதிரி. இதற்கு யாரும் திருட்டுத்தனம் என்று பெயர் வைக்கவில்லை. அட்ஜஸ்ட்மென்ட் என்று வைத்திருந்தார்கள்.

லாசரஸ் காட்டாங்குளத்தூரைத் தாண்டி ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருஷமாக வொர்க்‌ஷாப் சூப்பரின்டெண்ட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேலையூரில் கோயிலுக்குப் போகிறவர். தசமபாகத்தைத் தனி உறையில் போடுகிறவர். பிறகு இந்த வேலையை எப்படிச் செய்தார் என்று கேட்டால், அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். வருகிற அதிகாரிக்கும் தெரியும், காட்டுகிற நமக்கும் தெரியும். தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தில் ஏமாறுகிறவன் யார்? ஒருத்தனும் இல்லை. அப்புறம் பாவம் எங்கிருந்து வந்தது? மனுஷன் இருபத்திரண்டு வருஷம் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார்.

போன தை மாதம் தாளாளர் துரைராஜ் அவரைக் கூப்பிட்டனுப்பினார். துரைராஜின் அப்பா அந்த நிலத்தில் வேர்க்கடலை போட்டவர். மகன் கட்டடம் போட்டு, அம்மா பெயரைப் பலகையில் எழுதிவிட்டார்.

"லாசரஸ் சார், டெல்லிலர்ந்து லெட்டர் வந்துகீது. நம்ம கவர்மென்ட்டு வெளிநாட்டுக்கு உதவி பண்ணுதாம். மலாவின்னு ஆப்பிரிக்கால ஒரு நாடு. அங்க ஒரு டெக்னிகல் காலேஜ்ல வொர்க்‌ஷாப் கட்டித் தராங்க. அதுக்கு இங்கருந்து ஒரு காலேஜ மாடலா காட்டணும், அவங்க வாத்தியாருங்களுக்கு டிரெய்னிங் குடுக்கணும். லிஸ்ட்ல நாம கீறோம். இதுல பேரு வந்துச்சுன்னா அப்பறம் நம்மள அசைக்கவே முடியாது."

"என்ன சார் கேக்கிறாங்க?"

"சி.என்.சி. லேப் இருக்கணுமாம். கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷினு."

"நம்மகிட்ட இல்லையே சார்."

துரைராஜ் சிரித்தார். "இல்லன்னுதானே உன்ன கூப்ட்டேன்."

சார், உங்களை என்றெல்லாம் ஆரம்பிக்கிறவர் காரியம் என்று வந்தால் உன்ன என்பார். லாசரஸுக்கு அது பழகிப்போயிருந்தது.

அவர்களுடைய பட்டறையில் இருந்தவை ஆறு பழைய லேத்துகள், கையால் ஓட்டுகிற கடைசல் மெஷின்கள். கல்லூரி ஆரம்பித்தபோதே செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. பெயின்ட் உரிந்து, கைப்பிடிகள் தேய்ந்து, ஆனால் ஆறும் ஓடும். கியர் உடைந்தால் லாசரஸே கியர் வெட்டிப் போட்டிருக்கிறார். ஒன்றுக்கு, பாகங்கள் நகர்கிற அடித்தளமான படுக்கையையே சுரண்டி மட்டம் பார்த்து எடுத்திருக்கிறார், மூன்று மாதம் ஆனது. உண்மையைச் சொன்னால் அவர் கற்றுக்கொண்ட தொழில் முழுக்க அந்த ஆறு மெஷினில்தான் இருந்தது. ஆனால் டெல்லிக்காரர்கள் முன்னால் அவற்றை நினைத்தாலே கூசியது.

அவருடைய பழைய மாணவன் அரிகிருஷ்ணன் சிங்கப்பெருமாள் கோவிலில் உதிரிபாகம் செய்கிற யூனிட் வைத்திருந்தான். அவனுக்குப் புதிதாக இரண்டு சி.என்.சி. மெஷின் வந்து இறங்கியிருந்தன. புது ஷெட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. லாசரஸ் போய் நின்றதும் அவன் தலையைச் சொறிந்தான்.

"சார், உங்களுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா? ஆனா ஒண்ணு, சனிக்கெழம ஷெட்டுக்கு லைன் குடுக்கிறாங்க. அன்னிக்குக் காத்தால மெஷின் எனக்கு வந்துடணும். ஆர்டர் நிக்குது. இல்லன்னா ரொம்ப பேஜாராப் பூடும்."

"புதன்கிழமை வர்றாங்க, அன்னிக்கே போயிடுவாங்கப்பா."

இரவோடு இரவாக இல்லை, பட்டப்பகலில்தான், செவ்வாய்க்கிழமை கிரேன் வைத்து இறக்கினார்கள். ஆறு லேத்தையும் பெயர்த்து சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அரிகிருஷ்ணனின் ஆபரேட்டர் தினகரனுக்குக் கல்லூரிச் சட்டை மாட்டி லேப் அசிஸ்டென்ட் ஆக்கினார்கள். சட்டை கொஞ்சம் சின்னது.

புதன்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். டெல்லி அதிகாரி ஒருவர். மலாவியிலிருந்து எஸ்தர் ஃபிரி என்று ஓர் அம்மாள். உதவி பெறப்போகிற கல்லூரியில் மெஷின் ஷாப் வாத்தியார், வயது நாற்பத்தைந்து இருக்கும். அதிகாரி லேபுக்குள் இரண்டு நிமிஷம் நின்றார், போட்டோ எடுத்தார், ஏ.சி. அறையில் சாப்பிட்டார், மாலை விமானத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆட்டம் தெரிந்தவர்.

எஸ்தர் கிளம்பவில்லை. அவருக்குத் திங்கட்கிழமைதான் விமானம். அதுவரை பட்டறையை அளந்து வரைபடம் எடுத்துப்போவதாகச் சொல்லி, பையிலிருந்து டேப்பை எடுத்தார். லாசரஸ் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

மூன்று நாளும் அந்த அம்மாள் காலை ஒன்பதுக்கு வந்துவிடுவார். மெஷினுக்கும் சுவருக்கும் எத்தனை அடி, கரண்ட் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வெளிச்சம் எப்படி விழுகிறது, எல்லாம் நோட்டில் ஏறும். தினகரன் ஓட்டிக் காட்டிய ஒரு சின்ன அலுமினியத் துண்டை, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். அவரும் லாசரஸும் பேசியதெல்லாம் ஆங்கிலம். அவர் இவரை பிரதர் என்பார். இவர் மேடம் என்று ஆரம்பித்து, அவரும் கோயிலுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் சிஸ்டருக்கு மாறினார்.

வியாழக்கிழமை எஸ்தர் ஒரு கேள்வி கேட்டார். "பிரதர், இதற்கு முன்னால் உங்களிடம் பழைய லேத் ஏதாவது இருந்ததா? கையால் ஓட்டுவது?"

"இருந்தது சிஸ்டர். எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம்."

இந்தப் பொய்யைத் தாளாளர் சொல்லச் சொல்லவில்லை. யாருமே சொல்லச் சொல்லவில்லை. அது லாசரஸின் சொந்தச் சரக்கு. எஸ்தர் "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி அளக்கக் குனிந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தங்கள் கல்லூரிக்கு வழிகாட்ட இந்தக் கல்லூரி பொருத்தமானது, லேபை நேரில் கண்டேன், அளந்தேன் என்று கீழே தன் கையாலும் ஒரு வரி எழுதினார். ஸ்கேன் செய்து டெல்லிக்கு அனுப்பியாகிவிட்டது. சனிக்கிழமை அவரை மகாபலிபுரம் பார்க்க காரில் அனுப்பிவிட்டு, கிரேனை வரவழைத்து மெஷின்களை ஏற்றி அனுப்பினார் லாசரஸ். காலி ஹாலில், போல்ட் இறுக்காமல் நின்ற மெஷின்களின் கால் பதிந்த நான்கு நான்கு அடையாளம் மட்டும் தரையில் இருந்தது. ஒரு வேலையும் பாக்கி இல்லை. ஆனால் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கணக்கு உதைத்தது. ஆட்டம் என்றால் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறை ஒருத்தருக்குத் தெரியாது.

மனைவி பியூலா பள்ளி ஆசிரியை. சாப்பிடாத தட்டைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். சொன்னார். அவள் திட்டவில்லை. "அந்தம்மாவ நாளைக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க. மத்தியானம் நம்ம வீட்ல சாப்பிடட்டும். அதுகூடச் செய்யலன்னா நல்லாருக்காது" என்றாள்.

கோயிலில் அறிவிப்பு நேரம் வந்தது. கல்யாண ஓலை வாசித்தார்கள், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் சொன்னார்கள். பிறகு போதகர் யேசுதாசன் ஐயா, வெளிதேசத்திலிருந்து வந்திருக்கும் சகோதரி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். வெளிதேசத்தார் பேசினால் வரிக்கு வரி தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அது அங்கே வழக்கம். பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியும், இருந்தாலும் வழக்கம். "நம்ம லாசரஸ் பிரதரே மொழிபெயர்க்கட்டும், அவர்தானே அழைத்து வந்தார்" என்றார் ஐயா. லாசரஸ் மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

எஸ்தர் நீலத்தில் பூப்போட்ட கவுனும் தலையில் அதே துணியில் கட்டும் போட்டிருந்தார். முதலில் தன் ஊர்ச் சபையின் வாழ்த்தைச் சொன்னார். லாசரஸ் சொன்னார். சபை, ஸ்தோத்திரம் என்றது. தன் பட்டறையில் எழுபது பிள்ளைகளுக்கு இரண்டு மெஷின் என்றார். லாசரஸ் சொன்னார். முன்வரிசையில் ஒரு பாட்டையா த்சு என்றார். இரண்டு வருஷமாக இந்த உதவிக்காக ஜெபித்தோம் என்றார். அதையும் சொன்னார். கைக்குட்டையைப் பிரித்து அந்த அலுமினியத் துண்டை எடுத்துக் காட்டி, "இது உங்கள் ஊரில் செய்தது, நாளைக்கு என் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள்" என்றார். லாசரஸ் அந்தத் துண்டைப் பார்க்கவில்லை. எப்படியோ சொல்லி முடித்தார். ஸ்தோத்திரம் இப்போது பலமாக வந்தது.

அடுத்த வரியை எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"எங்களிடம் நிறைய பேர் வருவார்கள். கேமரா கொண்டுவருவார்கள், வாக்குக் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். இந்தச் சகோதரர் ஒன்றையும் மறைக்கவில்லை. கதவைத் திறந்து எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார்."

சபை மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தது. லாசரஸ் மைக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார்.

"இதை நான் சொல்ல மாட்டேன்," என்றார் தமிழில். "சிஸ்டர் என்னைப் பத்தி நல்ல விதமா சொல்றாங்க. அது உண்மையில்ல. அவங்களுக்குக் காட்டின மெஷின் எங்களுது இல்ல. இரவல். நேத்து காலைல லாரில ஏத்தித் திருப்பி அனுப்பிட்டேன். அவங்க நம்பி கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் பாவி. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எஸ்தர் சிரித்த முகத்தோடு சபையைப் பார்த்தபடி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். ஐயா தொண்டையைச் செருமி ஒரு பாட்டு நம்பரைச் சொன்னார். எல்லாரும் அவசர அவசரமாக எழுந்து பாடினார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், லாசரஸைச் சுற்றிக் கூட்டம். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்பல்லாம் யாருக்கு வரும் பிரதர் இந்த தைரியம்?" ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இப்படி ஒரு சாட்சியைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு என்றாள். ஐயாகூட முதுகில் தட்டினார். லாசரஸுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. பசிகூட எடுத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "கர்த்தருடைய கிருபை" என்று அடக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அடக்கத்தை அவரே ரசித்தார் என்பதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

எஸ்தர் கொஞ்சம் தள்ளி நின்று சின்னப் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பியூலா கணவரின் பக்கத்தில் வந்தாள்.

"நல்லா சொன்னீங்க. யாருக்குச் சொன்னீங்க?"

"என்ன கேக்கிற?"

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஏன் யாரும் ஸ்தோத்திரம் சொல்லலன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் ஏதாவது தப்பா பேசிட்டேனான்னு கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

ஏமாந்தவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, அவளுக்குப் புரியாத பாஷையில், ஏமாறாத இருநூறு பேரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர்களிடம் கைகுலுக்கலும் வாங்கியாகிவிட்டது. கல்லூரியில் காட்டியது இரவல் மெஷின் என்றால் கோயில் வாசலில் வாங்கியது இரவல் பாராட்டு. சற்று முன் எடுத்த பசி எங்கே போனதென்று தெரியவில்லை. பொய் சொன்னதற்குப் பட்ட வெட்கம் ஒரு பங்கு என்றால், உண்மை சொன்ன விதத்துக்குப் பட்ட வெட்கம் பத்துப் பங்கு இருந்தது.

வீட்டில் பியூலா பிரியாணியும் தால்சாவும் வைத்திருந்தாள். எஸ்தர் ஒரு வாய் எடுத்து, நன்றாயிருக்கிறது என்று தலையை ஆட்டினார். லாசரஸ் தட்டைத் தொடவில்லை. ஆங்கிலத்தில், ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னார். மெஷின் யாருடையது, எப்போது வந்தது, எப்போது போனது, தினகரன் யார், கோயிலில் தான் தமிழில் சொன்னது என்ன. சொல்லும்போது குரல் நடுங்கியது. கோயிலில் நடுங்கவில்லை.

எஸ்தர் ஸ்பூனைக் கீழே வைத்தார். கத்தவில்லை, அழவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"நான் அளந்தேனே," என்றார். "மூன்று நாள் முட்டிபோட்டு அளந்தேன். நீங்கள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்."

பிறகு அவரே கேட்டார்.

"அந்த ஹாலில் முன்னால் என்ன இருந்தது?"

"ஆறு பழைய லேத்."

"பழைய இரும்புக்குப் போட்டதாகச் சொன்னவையா?"

"போடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் மூடி வைத்திருக்கிறேன்."

"ஓடுமா?"

"ஓடும். நான்தான் பழுது பார்ப்பேன். கியர் வெட்டுவேன். படுக்கையும் சுரண்டத் தெரியும்."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. "எங்களிடம் இருக்கிற இரண்டும் அந்த மாதிரி மெஷின்தான். ஒன்று நான்கு வருஷமாக நிற்கிறது. கியர் உடைந்துவிட்டது, படுக்கை தேய்ந்துவிட்டது, பார்க்க ஆளில்லை. அதனால்தான் வியாழக்கிழமை உங்களைக் கேட்டேன். நான் தேடிவந்ததே அதைத்தான். இருப்பதை ஒளித்துவிட்டு இல்லாததைக் காட்டினீர்களே, ஏன்?"

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையை எத்தனையோ முறை அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறார் லாசரஸ். தன் கந்தையைத் தேடித்தான் ஒருத்தி கடல் தாண்டி வந்தாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

எஸ்தர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, சாப்பாட்டு மேஜையிலேயே தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் திறந்தார். வெள்ளிக்கிழமைக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக டெல்லிக்கும் தன் கல்லூரி முதல்வருக்கும் எழுதப்போவதாகச் சொன்னார். இந்த வருஷத்து உதவி இதனால் நின்றுபோகலாம், பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் இல்லாததைக் கண்டேன் என்று தன் கையெழுத்து சொல்லக்கூடாது என்றார். அலட்டாமல் தட்டச்சு செய்துகொண்டே போனார். பியூலா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

நடுவில் விரல்கள் நின்றன.

"பிரதர், இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்று எழுத வேண்டும். உங்கள் பெயரைப் போடலாமா?"

போடுங்கள் என்று சொல்ல வேண்டும். லாசரஸுக்கு அது நன்றாகத் தெரியும். வாய்கூடத் திறந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் துரைராஜின் முகம் வந்தது. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் நான்கு வருஷம் இருப்பது வந்தது. ஐம்பத்தி நான்கு வயசுக்காரனை எந்தப் பாலிடெக்னிக் எடுக்கும் என்று வந்தது. மகள் ஜெனிக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பது வந்தது. எல்லாம் வரிசையாக வந்து நின்றன, அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

எஸ்தர் காத்திருந்தார். பியூலாவும் காத்திருந்தாள்.

பிறகு எஸ்தர் அவரைப் பார்க்காமலே மறுபடி தட்டத் தொடங்கினார். முடித்ததும் திரையை லாசரஸ் பக்கம் திருப்பி, தவறாக ஏதாவது எழுதியிருந்தால் சொல்லும்படி சத்தமாக வாசித்தார். கடைசி வரி இது: "கல்லூரியின் ஊழியர் ஒருவர், யாரும் கேட்காமல், தன் மனச்சாட்சிக்குப் பயந்து, இந்த உண்மையை எனக்குத் தானாகவே சொன்னார். அவருக்கு நான் நன்றியுள்ளவள்."

"சரியாக இருக்கிறதா, பிரதர்?"

லாசரஸ் வாசலில் நின்ற பியூலாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி" என்றார்.